ஒருநாளும் எரிக்காத விறகு

1. முதல் பரிசோதனை

சிவநேசன் வீட்டுக்கு நான் சான்றிதழ் தர மறுத்த அன்று, அவருடைய மனைவி வதனி எனக்குத் தேத்தண்ணி தரவில்லை. தமிழ் வீடொன்றுக்குப் போய்த் தொண்டை நனையாமல் திரும்பியது என் உத்தியோகத்தில் அதுதான் முதல் தடவை. அவரில் பிழை சொல்ல முடியாது. கேத்திலைப் போட்டுவிட்டுத்தான் வாசலுக்கு வந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் உள்ளே போய் அதை நிறுத்திவிட்டார்.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். சுவிஸில், எம்மன்புரூக்கேயில் குடியிருந்துகொண்டு தீப்பாதுகாப்புப் பரிசோதகராகப் பல காலம் வேலை பார்த்தவள் நான். தொழிற்சாலை, முதியோர் இல்லம், ஹோட்டல் என்று ஓடித் திரிந்த என்னை, ஓய்வுக்குக் கிட்டவாகக் காட்டோரத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். அந்த வீடுகள் காட்டுத்தீயைத் தாங்குமா என்று பார்த்து, தாங்கும் என்றால் அரசுச் சான்றிதழ் கொடுக்கும் புதிய திட்டம் அது. சுவரில் பொருத்த ஒரு சின்னத் தகடும் உண்டு.

காட்டுத்தீ என்றால் பெரிய சுவாலை வந்து வீட்டை விழுங்கும் என்றுதான் ஆட்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டைப் பிடிப்பது காற்றில் பறந்து வரும் தணல். அது கூரையின் மழைத்தண்ணீர் ஓடும் பீலியில் கிடக்கும் காய்ந்த சருகில் விழும். கூரையின் காற்றுத் துவாரத்துக்குள் நுழையும். சுவரோடு சாத்தி வைத்த எதிலாவது குந்திக்கொள்ளும். மலையிலிருந்து ஃபூன் என்கிற காய்ந்த சூட்டுக் காற்று இறங்கும் நாட்களில் அது எவ்வளவு தூரமும் வரும். நாங்கள் பார்ப்பது இவற்றைத்தான். இதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. ஏணி ஏறத் தெரிய வேண்டும், நாய்க்குப் பயப்படக் கூடாது, வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தால் அதைத் தாங்க வேண்டும்.

திட்டம் விருப்பத்தின் பேரில்தான். சிவநேசனின் தெருவில் எல்லா வீட்டுக்கும் கடிதம் போட்டோம், ஒருவரும் அசையவில்லை. ஆனால் காட்டோர வீட்டில் பிள்ளைகள் பராமரிப்பு நிலையம், இங்கே சொல்வது போலக் கீட்டா, நடத்துபவர்களுக்குச் சான்றிதழ் கட்டாயம். வதனிக்குத் தேவைப்பட்டது அதற்குத்தான். ஊர்க் கீட்டாவில் பல வருடம் உதவியாளராக மற்றவர்களின் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தவர், டிப்ளோமாவும் எடுத்து, வீட்டின் கீழ்த்தளத்தில் சொந்தமாக ஒரு கீட்டா தொடங்க எல்லாம் ஆயத்தம் செய்திருந்தார். முழங்கால் உயரக் கதிரைகள் வந்துவிட்டன. தாய்மார் பெயர் கொடுத்துவிட்டார்கள். கோடை விடுமுறை முடிவதற்குள் சான்றிதழ் வராவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள்.

பீலி துப்புரவு. துவாரங்களில் கம்பிவலை. எல்லாம் திறம் என்று நினைத்துக்கொண்டு வீட்டின் முன்பக்கம் வந்தால், சுவர் நீளத்துக்கு விறகு. யன்னல் கட்டு வரைக்கும், வெட்டுமுகம் தெருவைப் பார்க்க, மட்டம் பிடித்தது போல அடுக்கியிருந்தது.

"தம்பி, இதை எடுக்கவேணும். சுவரோடை எரியிற சாமான் ஒண்டும் இருக்கக்கூடாது," என்றேன்.

"அக்கா, இதை நாங்கள் எரிக்கிறேல்லை. வீட்டைச் சூடாக்கிறது கரண்டிலை ஓடுற ஹீட் பம்ப்."

"அப்ப என்னத்துக்கு விறகு?"

சிவநேசன் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எல்லா வீட்டுச் சுவரையும் பாருங்கோ."

பார்த்தேன். அந்தத் தெருவில் விறகு அடுக்காத சுவர் இல்லை. சுவிஸ்காரரின் விறகு அடுக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாங்கள் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளியைச் சொல்லித் திரிவதைப் போல அவர்கள் அதைக் காட்டித் திரிவார்கள். சிவநேசன் குடிவந்த முதல் இலையுதிர் காலத்தில், எதிர்வீட்டு வெர்னர் வந்து இவருடைய வெறுஞ்சுவரைப் பார்த்து, "உங்களுக்கு விறகு இன்னும் வரேல்லையோ?" என்று கேட்டாராம். இவர் வாயில் வந்தது, "வருது, வருது." அடுத்த நாளே ஒரு லோடு வாங்கினார். வெர்னரே கையுறையோடு வந்து அடுக்கப் பழக்கினார். பிறகுதான் தெருவில் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்களாம். போதாததற்கு, யாருக்குச் சுவிஸ் குடியுரிமை கொடுக்கலாம் என்று முடிவு செய்யும் ஊர்க் குழுவிலும் வெர்னர் ஓர் ஆள்.

"இந்த விறகாலைதான் அக்கா எனக்குச் சிவப்புப் பாஸ்போட் கிடைச்சது," என்றார் சிவநேசன். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "இதை எடுத்தால் அந்த மனுசன்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது? நீங்களும் எங்கடை ஆள்தானே. கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோவன்."

எனக்கு இந்த வார்த்தை பிடிக்காது. சந்தையில் கொசுறு கேட்பது போலச் சட்டத்திலும் கேட்பார்கள். "தம்பி, தணலுக்குத் தமிழ் தெரியாது," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வதனி கேத்திலை நிறுத்தியது அப்போதுதான்.

2. இரண்டாம் பரிசோதனை

கொஞ்ச நாளில் சிவநேசன் போன் எடுத்தார். "அக்கா, எல்லாம் சரி. வந்து பாருங்கோ."

போனேன். தெருமுனையில் காரை நிறுத்தும்போதே எனக்குக் கொதி வந்துவிட்டது. விறகு இருந்த இடத்திலேயே இருந்தது.

கிட்டப் போனேன். அது விறகு இல்லை. விறகின் படம். தோட்டச் சாமான் கடைகளில் வேலி மறைப்பதற்கு விற்பார்களே, பிளாஸ்டிக் தாளில் அச்சடித்தது, அதை வாங்கிச் சுவர் நீளத்துக்கு ஒட்டியிருந்தார். நிஜ விறகு தோட்டத்துக் கோடியில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. படத்தில் ஒரு விறகின் மேல் சிட்டுக்குருவி கூட இருந்தது.

"தெருவிலை இருந்து பாக்க வித்தியாசம் தெரியாது," என்றார் அவர் பெருமையாக.

"தெரியாதுதான். நெருப்புக்கும் தெரியாது. இந்தப் பிளாஸ்டிக், விறகை விடக் கெதியாய்ப் பிடிக்கும் தம்பி."

என் மேலதிகாரியிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். சுவிஸ்காரர், சிரிப்பது அபூர்வம். அன்று மறுமுனையில் மேசையைத் தட்டிச் சிரித்தார். "நாங்களே இவ்வளவு சுவிஸ் இல்லை. ஆனால் விடுமுறை முடியப்போகிறது, அந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள்," என்றார்.

சொல்லத் தேவையிருக்கவில்லை. வதனி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்தார்.

"விறகு போனால் உங்கடை மரியாதை போயிடும். என்ரை கீட்டா போனால் ஒண்டும் இல்லை, என்ன?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை வதனி..."

"வாயாலை சொல்லேல்லை. சுவரிலை ஒட்டி வைச்சிருக்கிறியள்."

எனக்கு அங்கே நிற்கவே கஷ்டமாக இருந்தது. பரிசோதகர் புருசன் பெண்சாதிச் சண்டைக்கு நடுவில் நிற்கும்போது என்ன செய்வது என்று எங்கள் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை. நான் பீலியைத் திரும்பவும் பார்ப்பது போலப் பாவனை செய்தேன்.

3. எதிர்வீட்டுக்காரர்

அந்த நேரம் பார்த்து வெர்னர் தெருவைக் கடந்து வந்தார். உயரமான மனிதர், கொஞ்சம் கூனல். சிவநேசனின் முகம் சாம்பலாகிவிட்டது. வந்தவர் ஒருவருக்கும் வணக்கம் சொல்லாமல் நேரே சுவருக்குப் போய், படத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

அவர் பேசியது சுவிஸ் ஜெர்மன். எனக்கு வாயில் வருகிற தமிழில் எழுதுகிறேன்.

"நல்லாய் அடுக்கியிருக்கிறாய்," என்றார். "குருவி எங்கை வாங்கினனீ?"

நான்தான் சட்டத்தையும், கீட்டாவையும், விடுமுறை முடியப் போவதையும் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு சிவநேசனின் தோளில் கைவைத்துக் கூரையைக் காட்டினார்.

"சிவா, உன்ரை வீட்டிலை புகைபோக்கி இல்லை."

சிவநேசன் நிமிர்ந்து பார்த்தார். தன் வீட்டுக் கூரையை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போல இருந்தது. ஏணி வைத்து ஏறிய எனக்கும், தெருவில் போகிறவர்களுக்கு அது தெரியும் என்பது உறைக்கவில்லை.

"உனக்கு விறகு வந்திறங்கின அண்டைக்கே மேலை பாத்திட்டன். தெருவுக்கே தெரியும்."

"அப்ப ஏன் எனக்கு அடுக்கப் பழக்கினனீங்கள்?"

"விறகு வருது எண்டு நீதானே சொன்னனீ. வந்தும் விட்டுது. பிறகு என்ன செய்யிறது?" வெர்னர் தலையைச் சொறிந்தார். "அண்டைக்கு உன்னோடை அடுக்கினது எனக்குச் சந்தோசமாயும் இருந்தது. நான் தனியாள்."

சிவநேசன் மெல்லக் கேட்டார், "பாஸ்போட்?"

"குழுவிலை விறகைப் பற்றி ஆர் கதைச்சது? உன்ரை மனுசியைப் பற்றித்தான் கதைச்சம். குழுவிலை இருந்த பாதிப்பேரின்ரை பிள்ளையள் அவவின்ரை கையிலை வளந்ததுகள். அவ போகிற இடத்துக்கு நீயும் வந்தாய், அவ்வளவுதான்."

வதனி சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரச் சிரித்தார், எது சிரிப்பு எது அழுகை என்று எனக்கே தெரியவில்லை. சிவநேசன் சுவருக்குப் போய்ப் படத்தின் மூலையைப் பிடித்து உரிக்கத் தொடங்கினார். பாதி உரிந்ததும், "மன்னிச்சுக்கொள்ளும்," என்றார், சுவரைப் பார்த்தபடி. "ஓம், ஓம், முதலிலை வடிவாய் உரியுங்கோ," என்றார் வதனி. சுவர் முழுதும் வெறுமையானதும் நான் அந்த வாசலில் நின்றபடியே சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். விடுமுறை முடிந்த அன்று கீட்டா திறந்தது.

4. பிறகு நடந்தது

சில கிழமைக்குப் பிறகு வெர்னர் எங்கள் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, தன் வீட்டையும் வந்து பார்க்கச் சொன்னார். போனேன். அவருடைய சுவர் வெறுமையாக இருந்தது. அந்தத் தெருவின் மிக அழகான அடுக்கை, வீடுகளுக்குத் தள்ளிப் புல்வெளி ஓரத்துக் கொட்டிலுக்கு மாற்றியிருந்தார். சிவநேசன்தான் வந்து சுமந்தாராம்.

"கடிதம் போட்டபோது ஏன் செய்யவில்லை?" என்று கேட்டேன்.

எதிர்ப்பக்கம் வதனியின் வாசலில் சின்னச் சப்பாத்துகள் வரிசையாகக் கிடந்தன. வெர்னர் அவற்றைக் காட்டினார். "அப்ப அங்கை பிள்ளையள் இருக்கேல்லை."

அந்த வருடம் முடிவதற்குள் தெருவில் மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாகப் பெயர் கொடுத்தன.

இப்போது இந்த வேலைக்கு வருகிற இளம் ஆட்கள் என்னிடம் எந்தத் தூரத்தை அளப்பது, எந்தக் கம்பிவலை நல்லது என்று கேட்கிறார்கள். சொல்லிக் கொடுக்கிறேன். கூடவே இதையும் சொல்கிறேன்: காட்டுக்குப் பயந்து ஆட்கள் வீட்டைத் திருத்த மாட்டார்கள். எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் திருத்துவார்கள்.