அம்சவல்லி காட்டிய வீடுகள்

வடக்குத்து ஊரில் வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் பத்திரத்தைப் பார்ப்பார்கள், பிறகு வாஸ்து பார்ப்பார்கள், கடைசியாக அம்சவல்லியின் முகத்தைப் பார்ப்பார்கள். இரண்டாயிரத்துப் பதின்மூன்றிலிருந்து நாலைந்து வருடம் அங்கே அதுதான் வழக்கம். எனக்கு வீடு அமைந்ததும் அப்படித்தான்.

அம்சவல்லி தரகர் இல்லை. பக்கத்திலிருந்த சுரங்க டவுன்ஷிப்பில் மூன்று குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். அதற்கு முன் பதினான்கு வருடம் சித்தாள். சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலையில் இருந்தவர்கள், ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே என்று வடக்குத்தில் மனை வாங்கி வரிசையாக வீடு கட்டிய காலம் அது. அந்த வீடுகளில் பாதிக்கு மேல் அம்சவல்லி செங்கல் சுமந்தவை. எந்தக் கலவையில் சிமெண்ட் பெயருக்கு விழுந்தது, எந்தக் கழிவுத் தொட்டி போர்வெல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. முழங்கால் தேய்ந்த பிறகுதான் குவார்ட்டர்ஸ் வேலைக்கு வந்தார்.

அவர் வேலை பார்த்த வீடுகளில் ஒன்று கொளஞ்சிநாதனுடையது. கன்வேயர் பெல்ட் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். அடுத்த மே மாதம் ஓய்வு. இருபத்தெட்டு வருடமாகக் குவார்ட்டர்ஸிலேயே இருந்ததால் வீடு என்பது தானாக நடக்கும் ஒன்று என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். குழாய் ஒழுகினால் புகார் எழுதிப் போடுவார், ஆள் வரும். பல்பு மாட்ட ஸ்டூல் மேல் ஏறியதைக்கூட அவர் மனைவி பிரபாவதி பார்த்ததில்லை.

ஒரு நாள் காலை பிரபாவதி காபி ஆற்றிக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னார். "அம்சவல்லி, வீடு முடிவாயிடுச்சு. உங்க ஊர்லதான். ராஜாங்கம் சாரோட வீடு. மாம்பழக் கலர்ல இருக்குமே."

அம்சவல்லி துடைப்பத்தை நிறுத்தினார். "பின்னாடி ரூமு இருக்குமே, அதப் பாத்தீங்களாம்மா?"

"பார்த்தோம். நல்லா பெருசா இருக்கு. பூஜை ரூமா ஆக்கிடலாம்னு இவரு சொல்றாரு."

"சாமிக்கு ஒண்ணும் ஆவாதும்மா. கீழ கெணறு இருக்குது, அதான் யோசிக்கிறன்."

சட்டை போட்டுக்கொண்டிருந்த கொளஞ்சிநாதன் ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே என்ற நிலையில் ஹாலுக்கு வந்தார். அவர் ஒன்றும் ஏமாளி இல்லை. தாய்ப் பத்திரம் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தார். பட்டா ராஜாங்கத்தின் பெயரிலேயே இருந்தது. வில்லங்கச் சான்றிதழில் முப்பது வருடத்துக்கு ஒரு வில்லங்கமும் இல்லை. சுரங்கத்துக்கு எடுக்கப்போகும் நிலத்தில் சேருமா என்றுகூடப் போய் விசாரித்து வந்திருந்தார். ஆனால் கிணறு அந்தக் காகிதங்கள் எதிலும் வராது.

"உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"மூடுனதே நான்தானுங்களே."

ஞாயிற்றுக்கிழமை அம்சவல்லியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வாசலில் ராஜாங்கமும் தரகர் ஜெயராமனும் நின்றிருந்தார்கள். ராஜாங்கம் போன வருடம் ஓய்வு பெற்றவர், மகனோடு சென்னையில் இருக்கலாம் என்று வீட்டை விற்கிறார். ஜெயராமன் கறுப்புக் கண்ணாடியை வீட்டுக்குள்ளும் கழற்றாத ஆள்.

அம்சவல்லி நேராகப் பின் அறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை வாசல்படி ஓரம் ஊற்றினார். தண்ணீர் யாரையும் கேட்காமல் வடகிழக்கு மூலைக்கு ஓடிப்போய் அங்கே குளம் கட்டி நின்றது.

ஜெயராமன் சற்றும் அசரவில்லை. "பாத்தீங்களா சார். ஈசானிய மூலைக்குத் தண்ணி தானா போவுது. இந்த அமைப்பு கோயில்லகூட கெடையாது."

அந்த மூலையில் ஒரு தேக்குக் கட்டில் கிடந்தது. அதன் ஒரு காலுக்குக் கீழே நான்கு டைரிகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. கொளஞ்சிநாதன் குனிந்து பார்த்தார். வேலையில் இருந்தபோது வருடப் பிறப்புக்குக் கிடைத்த டைரிகள். அடியில் இருந்தது இரண்டாயிரத்து ஐந்து. மேலே இருந்தது போன வருடத்தது.

"கட்டில் கோணல் சார்," என்றார் ராஜாங்கம். "ஆசாரி ஏமாத்திட்டான். மொத கட்டில அவங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். இதையும் அதே மாதிரி கோணலாத்தான் செஞ்சான்."

"கட்டிலு நேராதாங்க இருக்குது," என்றார் அம்சவல்லி. "ரூமுதாங்க எறங்கிகினு இருக்குது. ரெண்டு வருசத்துக்கு ஒரு டைரி."

ராஜாங்கத்துக்கு முகம் சிவந்தது. "கெணறு செவுத்துக்கு அந்தாண்டன்னு மேஸ்திரி எங்கிட்ட சத்தியம் பண்ணான். மணல் கொட்டி, தண்ணி வுட்டு, திமிசு போட்டு இடிச்சு மூடுனதா சொன்னான்."

"நீங்க அந்த வாரம் மொத ஷிப்டுங்க. விடியறதுக்குள்ள போயிடுவீங்க. ஒடஞ்ச செங்கல்லு, வேப்ப மரத்து வேரு, அப்புறம் பழைய தென்னங்கீத்து. கீத்து மட்டும் பதினெட்டு நட நான் சுமந்து போட்டன். மேல ரெண்டு வண்டி மண்ணு. மூணு நாள்ல மூடிட்டோம்."

"ஏன் அன்னிக்கே எங்கிட்ட சொல்லல?"

அம்சவல்லி சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். "சித்தாளு சொல்லி நீங்க கேட்டிருப்பீங்களா ஐயா?"

ராஜாங்கம் கட்டிலின் மேல் உட்கார்ந்தார். பிறகு ஏதோ தோன்றியவராகச் சட்டென்று எழுந்து, அறைக்கு வெளியே வந்து நின்றுகொண்டார்.

அந்த விற்பனை அன்றோடு நின்றது. மறுநாள் ஜெயராமன் அம்சவல்லியின் வீட்டுக்கே போய்விட்டார். "யக்கா, உனக்கு வாய் இருக்குன்னா அத சோறு துன்ன வெச்சிக்க. நான் பொழைக்க வேணாமா?"

அம்சவல்லிக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. இனி ஒன்றும் பேசுவதில்லை என்று ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டபடியே நடந்தும் கொண்டார். அடுத்த வாரம் இன்னொரு குவார்ட்டர்ஸ் அம்மா தாங்கள் பார்த்திருக்கும் வீட்டைப் பற்றிக் கேட்டபோது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மேலே மின்விசிறியைப் பார்த்தார். அந்த அம்மா அன்று மாலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறொரு வீட்டைக் கேட்டதும் சும்மா தலையாட்டினார். அது இரண்டே நாளில் விற்றுப் போயிற்று. அவர் பேசினாலாவது இன்ன குறை என்று தெரியும், பேசாமல் இருந்தால் வீட்டுக்கடியில் என்ன இருக்கிறதோ என்று ஜனங்கள் பயந்தார்கள். ஜெயராமனே ஓடிவந்து, "யக்கா, நீ பேசிடு," என்று கேட்டுக்கொண்டார்.

ராஜாங்கத்தின் வீடு நான்கு மாதம் பூட்டியபடி கிடந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கிணறு எங்கே என்று கேட்டார்கள். கடைசியில் அவர் அம்சவல்லியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நல்லதா ஒரு பெயிண்ட் அடிச்சிட்டா போயிடுமா?"

"பெயிண்டே அடிக்காதீங்க ஐயா. விக்கிற நேரத்துல பெயிண்ட் அடிச்சா, எத மூடுறாங்கன்னுதான் கேப்பாங்க. ரூம இடிச்சிடுங்க. கெணத்துல இருக்கிறத அள்ளி வெளிய போட்டுட்டு, மணலு கொட்டி, தண்ணி வுட்டு வுட்டு எறக்கி, ஒழுங்கா மூடுங்க. மேல ஒண்ணும் கட்டாம வுட்டுடுங்க. துணி காய வெக்க எடமாச்சி. வர்றவங்ககிட்ட நீங்களே மொதல்ல சொல்லிடுங்க."

"நானே சொன்னா யாரு வாங்குவா?"

"வேற எவனோ சொன்னாதாங்க வாங்க மாட்டாங்க."

அறையை இடித்தார்கள். ராஜாங்கம் நாற்காலி போட்டுக் கிணற்றோரமே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு கூடையையும் எண்ணிப் பார்த்தார். பத்து வருடம் புதைந்திருந்த கீற்று கறுப்புக் கூழாக வந்தது. கூடவே மேஸ்திரியின் அலுமினிய டிபன் கேரியர் ஒன்றும் வந்தது. அதைத் தேடி மேஸ்திரி அப்போது சித்தாள்கள் அத்தனை பேரையும் திட்டியதை அம்சவல்லி நினைவு வைத்திருந்தார். கழுவி, ஆள் மூலம் அவருக்கே அனுப்பி வைத்தார்.

வீட்டைக் கொளஞ்சிநாதனே வாங்கினார். பத்திரம் பதியும் முன் அம்சவல்லி இன்னொரு வேலையும் செய்ய வைத்தார். காகிதத்தில் இருக்கும் அளவு தரையில் இருக்கிறதா என்று டேப் பிடித்து அளக்கச் சொன்னார். ஒரு முனையை ராஜாங்கமும் மறுமுனையை ஜெயராமனும் பிடித்தபோது, "விக்கிறவரு ஒரு பக்கம் புடிங்க, வாங்குறவரு ஒரு பக்கம் புடிங்க. தரகரு வேடிக்க பாருங்க," என்றார். அளவு சரியாகவே இருந்தது. ஜெயராமனுக்குத்தான் மனசு விட்டுப்போயிற்று.

குடிபோன முதல் வாரம் கொளஞ்சிநாதன் வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகியது. அவர் வெள்ளைத் தாளை எடுத்து, தேதி போட்டு, விவரம் எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டு, அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அரைமணி நேரம் வாசலில் நின்றார். அம்சவல்லி வந்து வாஷர் மாற்றச் சொல்லிக் கொடுத்தார். முதல் முறை சட்டை முழுக்க நனைந்தது. இரண்டாம் முறை சரியாகப் போட்டுவிட்டார். அன்று முழுவதும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தக் குழாயைத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தார் என்று பிரபாவதி என்னிடம் சொன்னார்.

இரண்டாயிரத்துப் பதினேழில் அம்சவல்லியின் மகள் சங்கீதாவுக்குக் கடலூரில் நர்ஸ் வேலை கிடைத்தது. குள்ளஞ்சாவடிக்குப் போய்விட்டால் அவளுக்கு பஸ் வசதி என்று, இருந்த சின்ன வீட்டை விற்க முடிவு செய்தார்கள். கணவர் சாமிக்கண்ணு சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி, அதிகம் பேசாதவர். அவரே ஊரெல்லாம் சொல்லி, முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பழனிவேல் என்ற லாரி டிரைவரைக் கூட்டிவந்தார்.

அம்சவல்லி பழனிவேலுக்கு மோர் கொடுத்துவிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார். "ஐப்பசி மழைக்கு அடுப்பங்கரையில ஒழுவும். மோட்டாரு ஒரு நாளு ஓடும், ஒரு நாளு தட்டுனாதான் ஓடும். இந்த மூணு செவுரு நல்ல மேஸ்திரி கட்டுனது. நாலாவது செவுரு எங்க வூட்டுக்காரரு கட்டுனாரு."

சாமிக்கண்ணு இருமினார்.

"அவரு மேஸ்திரி இல்ல," என்று அம்சவல்லி முடித்தார்.

பழனிவேல் மோரைக் குடித்து முடித்தார். "அப்ப நான் எந்த வூட்டதாங்க்கா வாங்குறது?"

அம்சவல்லி மூன்று தெரு தள்ளியிருந்த ஒரு வீட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனார். பழனிவேல் அதையே வாங்கிவிட்டார்.

"நம்ப வூட்ட விக்கச் சொன்னா அடுத்தவன் வூட்ட வித்துட்டு வந்து நிக்கிறியே," என்றார் சாமிக்கண்ணு. அது அவர் அந்த மாதம் பேசியதிலேயே நீளமான பேச்சு. அடுப்பங்கரையின் கூரையைச் சரிசெய்து, நாலாவது சுவரைப் பிரித்துக் கட்டிய பிறகு, பழனிவேலின் மைத்துனரே வந்து இவர்கள் வீட்டை வாங்கிக்கொண்டார்.

குள்ளஞ்சாவடியில்தான் அம்சவல்லிக்குக் கலக்கம் வந்தது. அந்த ஊரில் அவர் ஒரு செங்கல்கூடச் சுமந்ததில்லை. பிடித்திருந்த வீட்டைத் தட்டிப் பார்த்தார், தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், மனசு சமாதானம் ஆகவில்லை. நான்கு நாள் விசாரித்து அந்த வீட்டைக் கட்டியபோது சித்தாளாக இருந்த பேச்சியம்மாளைக் கண்டுபிடித்து, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போய் முன்னால் உட்கார்ந்தார்.

பேச்சியம்மாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "நல்ல வூடுதான், தைரியமா வாங்கு. மாடிப்படியில ஏழாவது படி மட்டும் ரெண்டு அங்குலம் ஒசரம் கூட. மேஸ்திரி அன்னிக்கி பொண்டாட்டியோட சண்ட போட்டுகினு வந்தாரு."

வாங்கினார்கள். சாமிக்கண்ணு இப்போதும் அந்த ஏழாவது படியில் நாளுக்கு ஒருமுறை தடுக்கிக்கொள்கிறார். ஒவ்வொரு முறையும், பார்த்தே இராத அந்த மேஸ்திரியின் மனைவியை ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் மேலே ஏறுகிறார்.