சண்டை என்று தேடியபோது வந்த படம்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, ஐந்தையும் வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து கல்யாணத்திலும் போட்டோ எடுத்தோம். என் வீட்டுக்காரர் ஒன்றிலும் இல்லை. போட்டோக்காரரைக் கண்டாலே பந்தியில் யாருக்கோ சாம்பார் போதவில்லை என்று எழுந்து போய்விடுவார். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. படையல் அன்றைக்குச் சுவரில் மாட்ட, அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம் ஒன்றுதான் உண்டு. அதில் இருப்பது அவரா, வேகவைத்த உருளைக்கிழங்கா என்று எனக்கே சந்தேகம்.

தேர்வாய் கண்டிகை கம்பெனியில் வேலைக்குப் போகும் என் பேத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள், பழைய படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் இடம் ஒன்று போனில் இருக்கிறதாம். பழவேற்காடு ஏரிப் படங்களும் அதில் உண்டாம். எனக்குத் திக்கென்றது. மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது, பட்டணத்து ஆள் ஒருவர் எங்கள் கரையில் படம் பிடித்துக்கொண்டு திரிந்தார். என் வீட்டுக்காரரையும் பிடித்தார். அந்தப் படம் இருக்கிறதா பார் என்றேன்.

"இன்னா வார்த்த போட்டு தேடணும், சொல்லு ஆயா" என்றாள்.

"கறுப்பா, ஒசரமா இருப்பாரு. எடது புருவத்துல தழும்பு."

"ஆள காணோம்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கிறியா? படம் புடிச்சவன் இன்னா எழுதி வச்சிருப்பான், அத சொல்லு."

படகு, ஏரி, மீனவர் என்று போட்டாள். நூற்றுக்கணக்கில் வந்தன. எல்லாரும் சாயங்கால வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இதுல அவரு இல்ல" என்றேன்.

"முதுக பாத்தே கண்டுபுடிச்சிடுவியா?"

"நான் பேசறப்ப எல்லாம் அதத்தானேடி காட்டிக்கினு இருந்தாரு!"

"சரி, அன்னிக்கு இன்னாதான் நடந்துச்சு?"

நான் மடியில் பாக்கைத் தேடினேன். இத்தனை வருஷமாக யாருக்கும் சொல்லாத சங்கதி. வலையில் விழுந்த பெரிய மடவை மீனை இவர் அந்த ஆளுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார். நான் போய் அதைப் பிடுங்கிவிட்டேன். விருந்தாளி கையிலிருந்து! பிடுங்கின கையோடு இவரைப் பார்த்துக் கத்தினேன். அப்போதுதான் அந்த ஆள் படம் பிடித்தார். மானமுள்ளவள் வெளியில் சொல்வாளா? ஆனால் அவர் முகம் வேண்டுமே. சொல்லிவிட்டேன்.

பேத்தி சிரித்து முடிக்கவே நேரமானது. பிறகு சண்டை, பெண், மீன் என்று போட்டாள். மூன்றாவது படமே நான்தான். மீனை ஓங்கிக்கொண்டு, வாயைத் திறந்தபடி. எதிரில் அவர். வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். சிரித்துக்கொண்டிருக்கிறார்!

மருமகள் எட்டிப் பார்த்தாள். "அத்தே, உசுரோட இருக்கறவங்க படத்துக்கு மாலை போடக்கூடாது. மாமாவ மட்டும் வெட்டி எடுத்துக்கலாம்."

பேத்தி எப்படி வெட்டினாலும் அவர் கன்னத்தோடு மீன் வால் வந்தது. வாலோடு என் கையும் வந்தது.

"படையல்ல மீன் இருக்கலாம், கை இருக்கலாமா?" என்றாள் பேத்தி.

"வெட்டாதீங்க. முழுசா மாட்டுங்க. மாலையும் வேணாம். நான் போனப்புறம் ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணா போட்டுடுங்க" என்றேன். மறுநாளே சட்டம் போட்டு வந்தது.

எழுத்துக் கூட்டித்தான் இவ்வளவும் எழுதினேன். எங்காவது பிசகியிருக்கும். இந்தாடி கண்ணு, ஒருவாட்டி படிச்சுக் காட்டு, கேக்கறேன். மீன் புடுங்கின எடத்துல சிரிக்காம படி.