கேசரி கிண்டி வைத்து உதவி கேட்டவள்

அம்மனை நம்பியிருக்கும் அக்கா தங்கச்சிகளுக்கு, கோச்சடையிலிருந்து ஈஸ்வரி எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். என் வயிற்றெரிச்சலையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன். அதை விட்டுவிட்டால் அம்மன் எனக்குச் செய்தது உங்களுக்கு விளங்காது.

போன வருஷம் ஆனி மாதம் என் வீட்டுக்காரருக்கு முதுகில் தட்டு விலகிவிட்டது. காளவாசலில் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். இனிமேல் வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தவணை நின்றதும் பைனான்ஸ்காரர்கள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். மகள் தீபா அப்போதுதான் கல்லூரியில் இரண்டாம் வருஷத்தில் கால் வைத்திருந்தாள். கட்டணம் கட்டாவிட்டால் பரீட்சை எழுத முடியாத நிலை. "நான் காலேஜ விட்டுட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போறேம்மா" என்று அவள் சொன்ன அன்று, அடுப்படியில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அலையாத இடம் இல்லை. வங்கியில் படிப்புக் கடன் கேட்டோம். அப்பாவுக்கு என்ன வருமானம் என்று கேட்டார்கள், எழுந்து வந்துவிட்டோம். அரசாங்க உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று இ-சேவை மையத்துக்கு ஓடினேன். அந்த வருஷத்துக்குக் கடைசித் தேதி முடிந்துவிட்டது என்றார்கள். இப்படி ஒரு உதவி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருக் கோயிலில் ஆடி வெள்ளி விளக்கு பூஜை வந்தது. பூஜை முடிந்து கோமதி அக்கா எழுந்து நின்றார். பக்கத்துத் தெருவில் இட்லிக் கடை போட்டிருப்பவர். அவர் மகளும் தீபாவும் ஒரே வகுப்பு. அந்தக் கல்லூரியிலேயே கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கென்று ஒரு நிதி இருக்கிறதாம். மார்க்கைப் பார்க்க மாட்டார்களாம், வீட்டு நிலைமையைத்தான் பார்ப்பார்களாம். வாத்தியார்கள் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு மகளுடைய கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்களாம். எல்லாம் அம்மன் கருணை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் குலவை போட்டார்கள். நானும் போட்டேன். வயிறு எரிய எரியப் போட்டேன்.

கோமதி அக்கா மேல் எனக்கு எப்போதுமே ஒரு இது. அவர் மாவு மட்டும் புளிக்காது. அவர் வைக்கிற முல்லைக்கொடி மட்டும் பூத்துக் கொட்டும். மகள் வகுப்பில் முதலாவது. இப்போது இதுவும். வீட்டுக்கு வந்து விளக்கு முன்னால் நின்று அம்மனிடம் சண்டையே போட்டேன். "தாயே, அவளும் எண்ணெய்தான் ஊத்துனா, நானும் எண்ணெய்தான் ஊத்துனேன். அம்புட்டையும் அவளுக்கே அள்ளிக் குடுத்தா நான் எங்க போறது?" வேண்டுதலா வம்புச் சண்டையா என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த வாரம் தீபா அதே உதவிக்கு எழுதிக் கொடுத்தாள். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை வாத்தியார்கள் வருவதாகச் சேதி வந்தது.

இங்கேதான் என் புத்தி கோணலாகப் போனது. "கோமதி பெரியம்மா அவங்களுக்கு என்னடி குடுத்துச்சு?" என்று தீபாவிடம் கேட்டேன். "டீ மட்டும்தானாம்மா." எனக்கு ஒரே சந்தோஷம். டீ கொடுத்தவளுக்கே அந்த உதவி என்றால், நம் வீட்டு உபசாரத்தைப் பார்த்தால் அசந்து போய்விட மாட்டார்களா! மாடி வீட்டு அக்காவிடம் குஷன் நாற்காலிகளையும் வெள்ளி டம்ளரையும் இரவல் வாங்கினேன். என் அண்ணன் மனைவியின் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டேன். முந்திரி போட்டுக் கேசரி கிண்டினேன், வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். என் வீட்டுக்காரரை உள் அறையில் பாயில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினேன். "அவுக போற வரைக்கும் அனத்தாம கெடங்க" என்று வேறு சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தீபா வாயைத் திறக்க வந்தாள், முறைத்து அடக்கினேன்.

ஒரு சாரும் ஒரு டீச்சரும் வந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள். நாற்காலியைப் பார்த்தார்கள், டம்ளரைப் பார்த்தார்கள், என் சேலையைப் பார்த்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டே சார் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்கம்மா. உங்களவிடக் கஷ்டப்படுற பிள்ளைங்க நெறைய இருக்காங்க. அவங்களுக்குத்தான் மொதல்ல பாக்கணும்."

எல்லாமே இரவல் என்று சொல்லவேண்டியதுதானே? நாக்கு எழவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது. தீபா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், கண்ணீர் தரையில் சொட்டியது. அவர்கள் வாசலுக்குப் போகிறார்கள். 'தாயே, என்னால சொல்ல முடியல. நீ சொல்லு' என்று மனதுக்குள் கதறினேன். அந்த ஒரு நிமிஷம் கோமதி அக்காவின் நினைப்பே எனக்கு இல்லை. என் பிள்ளை மட்டும்தான் கண்ணில் தெரிந்தாள்.

அப்போது வாசலில் வந்து நின்றது யார் என்கிறீர்கள்? கோமதி அக்காவேதான். தெருவில் வாத்தியார்களின் வண்டியைப் பார்த்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். என்னை மேலும் கீழும் பார்த்தார். விஷயம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

"என்ன சார், கெளம்பிட்டீகளா? நீங்க உக்காந்த நாற்காலி மாடி வீட்டுது சார். அந்த டம்ளரும் அவுகளதுதான். இவ கொடியில காயிற சேலையை நான் தெனம் பாக்குறேன், ஒரு பட்டு கெடையாது." சொல்லிக்கொண்டே உள்ளே போய், "அண்ணே, முழிச்சிருக்கீகளா?" என்று அறைக் கதவைத் திறந்துவிட்டார்.

அவளை அந்த இடத்திலேயே கடித்துத் துப்பியிருப்பேன். அவ்வளவு ஆத்திரம், அவ்வளவு அவமானம். என் வீட்டுக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. படுத்தபடியே கையைக் கூப்பி, "வாங்க சார்" என்றார். அந்த சார் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து, வெறுந்தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் என் வாய் திறந்தது. வண்டி போனது, வாடகை பாக்கி, மருந்துச் செலவு, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன்.

அவர்கள் போனபின் கோமதி அக்கா அடுப்படிக்கு வந்து கேசரியை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். "சீனி கூடிப்போச்சு, ஈஸ்வரி" என்றார். பாருங்கள், அந்த நிலைமையிலும் எனக்குச் சுருக்கென்றது.

ஐப்பசியில் சேதி வந்தது. தீபாவுக்கு அந்த வருஷக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. பரீட்சை எழுதினாள். அரசாங்க உதவித்தொகைக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும், எப்போது எழுத வேண்டும் என்று அந்த டீச்சரே சொல்லித் தந்தார். இந்த வருஷம் தேதி தவறாமல் எழுதினோம், அதுவும் கிடைத்தது. என் வீட்டுக்காரர் இப்போது குச்சியை ஊன்றி வாசல் வரை நடக்கிறார். தாயே, உனக்குக் கோடி நமஸ்காரம்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். எங்கே போகும்? என் பிள்ளைக்கு நடந்த அற்புதத்தைக்கூட அந்த அக்கா கையாலேதான் நடத்த வேண்டுமா என்று இன்றைக்கும் அம்மனிடம் கேட்கிறேன். வேறு யாராவது வந்திருக்கக் கூடாதா? ஆனால் இப்போதெல்லாம் எரிச்சல் வந்தால் அதை அம்மன் காலடியிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு என்ன வேண்டும் என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் கோமதி அக்கா கடையில் போய் இட்லி வாங்குகிறேன்.

தை வெள்ளியன்று கோயிலில் நான் எழுந்து நின்று இதையெல்லாம் சொன்னேன். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோரிப்பாளையத்திலிருந்து புதிதாகக் குடிவந்தவள். அது என்ன பார்வை என்று எனக்கா தெரியாது? நேராக அவளிடம் போனேன். "பிள்ளை எங்க படிக்குது, தாயி?" என்று கேட்டேன். என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது என் மகளை நினைத்து வயிறு எரிந்தால் எரியட்டும், தப்பில்லை. எரிகிற வயிற்றோடேயே என் வீட்டுக்கு வாருங்கள். இல்லாததை இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்த ஆபீஸாக இருந்தாலும் நான் கூட வருகிறேன். நமக்கு முன்னால் போய் அம்மன் அங்கே நிற்பாள்.