அந்த அம்மாவின் முதல் வாக்கு

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் வந்தால் மொன்றியலில் எங்களுக்கு வேலை வரும். டவுன்டவுனில் மெற்றோவின் பச்சை லைனுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம். அதன் ஐந்தாம் மாடியில் வரிசையாக மேசைகள், மேசைக்கொரு கணினி, ஒரு ஹெட்செட். அமெரிக்க வாக்காளர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கருத்துக் கேட்பதுதான் வேலை. பகலில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்கு நின்றுவிட்டு மாலையில் அங்கே ஓடுவேன். அந்த நாட்டில் எனக்கு வாக்கு இல்லை. ஆனால் அங்கே யார் யாருக்குப் போடப்போகிறார்கள் என்று வாய் வலிக்க வலிக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் எல்லோருக்கும் ஒரு ஆங்கிலப் பெயர் தந்திருந்தார்கள். அமெரிக்கக் காதுக்கு உறுத்தாத சின்னப் பெயர். அழைப்புப் போகிற வீட்டில் தெரிகிற எண்ணும் அந்த மாநிலத்து எண்தான். வேலைக்குப் போடுகிற சீருடை மாதிரி அதையும் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் கணினி எப்போதும் இழுபறி மாநிலங்களைத்தான் அழைக்கும். பென்சில்வேனியாவில் ஒரு வீட்டில் தொலைபேசியை எடுத்தால் பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்கும். அடுத்த வீட்டிலும் அதே விளம்பரம், அதே பயமுறுத்துகிற இசை, அதே ஆண் குரல். கொஞ்ச நாளில் பின்னால் கேட்கிற சத்தத்தை வைத்தே எந்தச் சானல் என்று கண்டுபிடித்துவிடுவேன். சானல் தெரிந்தால் பதிலும் தெரிந்த மாதிரித்தான். விளம்பரத்தில் வந்த வசனத்தை ஒரு எழுத்து மாறாமல் சொல்லிவிட்டு, "இது என் சொந்தக் கருத்து" என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். பிறகு வீட்டுக்கு வந்து அதே சானல்களைப் பார்த்துக் கணவரோடு சண்டை பிடிப்பேன். அவரும் நானும் கனடாப் பிரசைகள், அமெரிக்காவுக்காகத்தான் கோப்பை உடைத்தோம்.

தேர்தல் நெருங்கியபோது புதிய கேள்விகள் வந்தன. யார் பணம் கொடுத்து அனுப்பினார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. எந்தக் கட்சிக்கு எதிரானது என்று நானும் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த கட்சிக்காரர் தாங்கள் யோக்கியர்கள் என்று கிளம்பிவிடுவார்கள். ஒரு கேள்வி இப்படி இருந்தது: இந்த வேட்பாளர் வந்தால், அகதியாக வந்து குடியுரிமை பெற்றவர்களின் கோப்புகளை மறுபடியும் திறப்பார் என்று அறிந்தால், அவருக்கு வாக்களிப்பீர்களா, மாட்டீர்களா?

"இது உண்மையா?" என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். என் மகன் வயது, நல்ல மரியாதையான கியூபெக் இளைஞன். "நாங்கள் எதையும் சொல்லவில்லை, கேட்கத்தானே செய்கிறோம்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் ஹெட்செட்டை மாட்டினேன். எழுதியிருப்பதற்கு மேலே ஒரு சொல் பேசக்கூடாது, ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழி கூடவே கூடாது, மீறினால் வீடு. எந்த நேரம் யாருடைய அழைப்பை அவன் ஒட்டுக் கேட்கிறான் என்றும் தெரியாது.

அன்று மாலை திரையில் பென்சில்வேனியாவிலிருந்து ஒரு நீளமான பெயர் வந்தது. கணினி அதைப் பாதியில் வெட்டியிருந்தது. வெட்டுப்பட்டாலும் எங்கள் தமிழ்ப் பெயர் எனக்குத் தெரியாதா? பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்டேன். வயதான ஒரு அம்மா வந்தார். தட்டுத்தடுமாறின ஆங்கிலம், ஆனால் குரலில் ஒரு உற்சாகம். என்னுடைய ஆங்கிலப் பெயரைச் சொன்னேன். இந்தத் தேர்தலில் வாக்களிப்பீர்களா என்று கேட்டேன்.

கட்டாயம் என்றார். போன வருடம்தான் பிரசையானாராம். இதுதான் அவருடைய முதல் வாக்கு. மகள் அன்றைக்கு லீவு போட்டிருக்கிறாள், தன்னைக் காரில் கூட்டிக்கொண்டு போவாள் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அந்தச் சந்தோஷம் அவரிடம் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் திரையில் அடுத்ததாக அந்தக் கேள்வி வந்து நின்றது.

வாசித்தேன். விழுங்கி விழுங்கி வாசித்தேன்.

அந்தப் பக்கம் பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவியை யாரோ நிறுத்துவது கேட்டது. பிறகு அந்த அம்மா, நான் கேட்காமலே, தான் எந்த வருடம் வந்தார், எந்த விமான நிலையத்தில் இறங்கினார், கணவர் எப்போது இறந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். எல்லாம் ஒழுங்கான பேப்பர் மேடம், ஒன்றும் ஒளிக்கவில்லை மேடம் என்றார். அவர் கருத்துச் சொல்லவில்லை, விசாரணைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இலங்கையில் ராணுவச் சோதனைச்சாவடியில் என் அம்மாவும் அப்படித்தான் கேட்காததையெல்லாம் சொல்வார்.

மிச்சக் கேள்விகளுக்கு எல்லாம் ஓம் மேடம், சரி மேடம் என்றார். ஒன்றுக்கொன்று எதிரான கேள்விகளுக்கும் ஓம்தான். கடைசியில் முதல் கேள்வியை மறுபடியும் கேட்க வேண்டும். இவ்வளவும் கேட்டபிறகு, இந்தத் தேர்தலில் வாக்களிப்பீர்களா?

"இல்லை மேடம். நான் எங்கேயும் போகவில்லை."

மேற்பார்வையாளன் ஜன்னல் பக்கம் தன் மேசையில் இருந்தான். காதில் ஹெட்செட் இருந்தது. யாரைக் கேட்கிறானோ. வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"அம்மா, நானும் தமிழ்தான். இது அரசாங்கம் இல்லை. சும்மா கருத்துக் கேக்கிற இடம். அந்தக் கேள்வியிலை இருக்கிறது உண்மையோ எண்டு எனக்கே தெரியாது. நீங்கள் பயப்பிடாமல் போய் உங்கட வோட்டைப் போடுங்கோ."

அவர் மெதுவாகக் கேட்டார்.

"முதல் வெள்ளைக்காரப் பேரெல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம் அம்மா, அது வேலைக்கு வைச்ச பேர்."

"எங்க இருந்து கதைக்கிறியள்?"

"கனடா அம்மா. மொன்றியல்."

"இஞ்ச ஊர் நம்பரெல்லோ விழுகுது?"

பெயர் பொய், நம்பர் பொய். உண்மையாக என்னிடம் மிச்சம் இருந்தது தமிழ் மட்டும்தான். அதைத்தான் நீட்டினேன்.

"அம்மா, சத்தியமாச் சொல்லுறன், ஒரு பிரச்சினையும் வராது, பயப்பிடாதையுங்கோ."

"எங்கட வீட்டுக்கு ஆமியோடை வந்தவனும் தமிழிலைதான் கதைச்சவன்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "பயப்பிடாதையுங்கோ அம்மா, ஒரு பிரச்சினையும் வராது எண்டு சொல்லித்தான் என்ரை மகனைக் கூட்டிக்கொண்டு போனவன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். "நான் ஒருத்தருக்கும் வாக்குப் போடவில்லை மேடம். எழுதிக்கொள்ளுங்கள்." வைத்துவிட்டார்.

திரையில் பதிலுக்கான பெட்டி காத்துக்கொண்டிருந்தது. வாக்களிக்க மாட்டார் என்று பதிந்தேன். வேறென்ன பதிவது?

மேற்பார்வையாளன் எழுந்து வந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். சீட்டுக் கிழிந்தது என்று பையை எடுத்தேன். அவன் குனிந்து, வேறு மொழி பேசியதை இந்த முறை மேலே சொல்லமாட்டேன் என்றான். பிறகு, அந்தப் பெயரை நான் எவ்வளவு அழகாக உச்சரித்தேன் என்றான். மற்றவர்கள் அப்படிப்பட்ட பெயர்களை உடைத்துப் பேசுவதால் எடுப்பவர்கள் உடனே வைத்துவிடுகிறார்களாம், என்னுடைய அழைப்பு மட்டும் கடைசிக் கேள்விவரை போயிருக்கிறது. அந்த மாதிரிப் பெயர்கள் இன்னும் நிறைய இருக்கின்றன, நாளையிலிருந்து அவற்றை உனக்கே தருகிறேன் என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான்.

"நோன்" என்றேன், அவனுடைய பிரெஞ்சிலேயே. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது. ஹெட்செட்டை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். மறுநாளும் போகவில்லை.

தேர்தல் நாளன்று கணவர் டிவிக்கு முன்னால் இருந்து மாநிலம் மாநிலமாக முடிவைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். பென்சில்வேனியா என்று அவர் சொன்னதும் நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அந்த அம்மா போனாரா, மகள் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனாளா என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது. ஆனால் கேட்பதென்றால் நான்தான் மறுபடியும் அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும், தமிழில்.