எங்கே போகிறாய் என்று கேட்டவளைப் பார்க்க வலியதுறைக்கு

என் நாத்தனார் பாக்கியம் வலியதுறை வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு கோயம்புத்தூருக்குப் போகிறாள் என்று காதில் விழுந்தது. அவளிடம் நான் பேசி ஐம்பது வருஷம் இருக்கும். கேட்க ஒரே ஒரு கேள்வி இருந்தது. அதற்காகத்தான் போன மாதம் ஒரு புதன்கிழமை திருவனந்தபுரம் போனேன்.

நாகர்கோவிலிலிருந்து காலை ஆறரைக்குப் பாசஞ்சர். எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஜன்னலோரம் உட்காருங்கள் என்று சொல்ல ஆசைதான். எனக்குப் பாறசாலை வரை நிற்கத்தான் இடம் கிடைத்தது. தம்பானூரில் ஸ்டேஷனுக்கு எதிரே நல்ல ஹோட்டல்கள் உண்டு. ஒன்றில் மட்டும் நான் கால் வைப்பதில்லை. என் மகளுக்குக் காது குத்திய வருஷம் அங்கே ஊசிப்போன சட்னியை ஊற்றினார்கள்.

பழவங்காடிக்கு நடந்தேன். ஒரு கிலோமீட்டர்தான், என் முழங்காலுக்கு அது பத்து. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். வலியதுறைக்கு ஆறு கிலோமீட்டர் சொச்சம், நூற்றைம்பது ரூபாய்.

"கடல்பாலம் காணவா அம்மச்சி? அடச்சிட்டிருக்கு, கேட்டோ. பாதி கடல் கொண்டுபோயாச்சு," என்றார் டிரைவர்.

"அது முழுசா இருந்தப்பவே நான் பாத்தாச்சு."

"அப்போ ஏர்போர்ட்டுக்கா?"

"இந்த வயசுல நான் துபாய்க்கா போகப் போறேன்? ரோட்டைப் பாத்து ஓட்டும்."

அந்தக் காலத்தில் இங்கே கப்பல் கரைக்கு வராது, தள்ளி நிற்கும். சரக்கும் ஆளும் பாலத்திலிருந்து படகில் இறங்கிப் போய் ஏற வேண்டும். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் கலாசி வேலைக்கு, கப்பல் கூலியாளாக, ஏறினார். பம்பாயில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை. இப்போது அதே கரையில் தலைக்குமேல் விமானம் போகிறது, பெரிய கப்பல்கள் விழிஞ்ஞத்துக்குப் போகின்றன. இந்த ஊரிலிருந்து யாராவது போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அன்றைக்கு அவர் பச்சை டிரங்குப் பெட்டியோடு வலியதுறை வீட்டு வாசல் தாண்டும்போது பாக்கியம் பின்னாலிருந்து, "எங்க போற அண்ணே?" என்று கேட்டாள். புறப்படுகிறவரை அப்படிக் கேட்கக்கூடாது என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டுவிட்டால் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் வாய்தான் அவரைக் கொண்டுபோனது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் பாக்கியம் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"கேறி வா மைனி. அம்பது வருசத்துல கடல்கூட என் வாசலுக்கு வந்துட்டு. நீதான் வரல்ல."

"ஏளா, அன்னைக்கு அவரை ஏன் அப்பிடிக் கேட்ட?"

சாக்குக் கயிறு அவள் கையிலேயே நின்றது.

"தெரிஞ்சுதான் கேட்டேன். சகுனம் பாத்து அண்ணன் திரும்பி வந்து உக்காருவாம்லா? அதுக்குள்ள படகு போயிரும்னு நெனச்சேன். போகாதேன்னு சொன்னா அவன் கேப்பானா? எனக்கு வேற என்ன வழி தெரியும், சொல்லு?"

கட்டன்காப்பி தந்தாள், குடித்தேன். உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். ஊரெல்லாம் சொல்லி அவளைத் திட்டியிருக்கிறேன். அத்தனையையும் ஒரே மத்தியானத்தில் திரும்ப வாங்க முடியாது.

நீங்கள் போவதானால் மழைக்காலத்தில் போகாதீர்கள். பாலத்தைத் தள்ளி நின்றுதான் பார்க்கலாம். வந்த ஆட்டோவையே நிறுத்தி வையுங்கள். திரும்ப வண்டி கிடைக்க நான் அரை மணி நேரம் வெயிலில் நின்றேன். அங்கிருந்து கோயம்புத்தூர் போகிறவர்களுக்குப் பாலக்காடு வழிதான் சுருக்கம். பாக்கியத்திடம் மட்டும் நாகர்கோவில் வழியாகவும் ரயில் உண்டு என்று சொன்னேன்.

"அது சுத்துல்லா மைனி?"

"சுத்துதான். எங்க வீட்டுல எறங்கி ரெண்டு நாள் கெடந்துட்டுப் போ."