கண்ணைத் திறந்து செய்யும் ஜெபம்

இருமல் வந்தபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையில் பஞ்சு பிரிக்கும் பிரிவில் பதினோரு வருடமாக வேலை. அங்கே இருமாதவன் யார்? வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்று ஆளுக்கொரு துண்டு கொண்டுபோவோம். மூன்று வாரத்தில் வெல்லம் தீர்ந்தது, இருமல் தீரவில்லை. மாலையானால் காய்ச்சல் வேறு.

மனைவி செல்வராணிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சளிப் பரிசோதனையில் காசநோய் (கிருமி நுரையீரலை அரிக்கும் நோய்) என்று வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

"ஆறு மாசம் மாத்திரை சாப்பிடோணுமுங்க. ரெண்டு மாசத்துலயே சரியாப் போன மாதிரி இருக்கும். அதை நம்பி உட்டுப்போடாதீங்க. கிருமி உள்ளதான் இருக்கும்" என்றார் டாக்டர்.

தலையை நன்றாகத்தான் ஆட்டினேன்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சி சொல்லும் நாள். கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லார் முன்னும் சொல்ல வேண்டும். இருமல் நின்றால் சாட்சி சொல்வேன் என்று படுக்கையில் கிடந்தபோது பொருத்தனை (கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு) செய்திருந்தேன். இரண்டாம் மாதம் நின்றது. எழுந்தேன். "கர்த்தர் என்னைய முழுசாக் குணமாக்கிட்டாருங்க" என்றேன். சபை அல்லேலூயா என்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை செல்வராணி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். கையில் வாங்கியதும்தான் அந்த எண்ணம் வந்தது. இதை விழுங்கினால் நேற்றுச் சொன்னது பொய்யாகிவிடுமே. சபை நடுவில், கர்த்தரின் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னவனா நான்? அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மாத்திரைகளை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன்.

போதகர் மருந்தை விடச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. பழி போடக்கூட ஆளில்லாத தப்பு அது. அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். வெறும் அவசரம்தான்.

நாலு மாதம் கழித்துக் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைக்கும்போது, பெட்டியின் அடியில் நான் ஒளித்திருந்த பவுடர் டப்பாவை செல்வராணி திறந்துவிட்டாள். தூக்கிப் போட மனம் வராமல் எல்லா மாத்திரையையும் அதில்தான் சேர்த்திருந்தேன். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஏனுங்க, டாக்டரையும் கர்த்தர்தானுங்களே குடுத்தாரு? மாத்திரையத் தின்னுபோட்டே சாட்சி சொல்லியிருந்தா அவரு வேண்டாம்னா சொல்லப்போறாரு?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டாம் முறை வைத்தியம் எட்டு மாதம். முதல் இரண்டு மாதம் தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (கிருமியைக் கொல்லும் மருந்து) ஊசி. "காதுல இரைச்சல் கேட்டாலோ தலை சுத்துனாலோ ஒடனே சொல்லிப்போடோணும்" என்று டாக்டர் கண்டித்தே சொன்னார்.

ஐந்தாம் வாரம் தரை ஆட ஆரம்பித்தது. நான் சொல்லவில்லை. முதல் முறை பொறுமையில்லாமல் கெட்டேன், இனி எது வந்தாலும் வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். இது எனக்கு வேண்டியதுதான் என்றும் நினைத்தேன். ஒவ்வொரு வாரமும் டாக்டர் கேட்பார். "ஆண்டவர் கிருபையில நல்லா இருக்கேனுங்க" என்பேன். ஊசி அத்தனையும் போட்டு முடித்துவிட்டேன்.

அதன்பின் பஸ் ஸ்டாப்புக்கு நேராக நடந்து போக முடியவில்லை. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத என்னைப் பார்த்து, "பட்டப்பகல்லயே குடிச்சுப்போட்டு வாராரு பாருங்க" என்று சொன்னார்கள். வேறு வழியில்லாமல் டாக்டரிடம் சொன்னேன். நடக்கவைத்துப் பார்த்தார். உட்காதில் உடம்பைச் சாயாமல் வைத்திருக்கும் பகுதி கெட்டுவிட்டது, இனித் திரும்பாது என்றார்.

"மொதல்லயே சொல்லியிருந்தா ஊசிய நிறுத்தியிருப்பேனுங்களே" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நல்லா இருக்கேன் என்று சொன்னதையெல்லாம் அவர் நம்பியிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன்.

நுரையீரல் சுத்தமாகிவிட்டது. ஆனால் ஓடுகிற மெஷின் பக்கத்தில் தள்ளாடுகிறவனை யார் விடுவார்கள்? மில் வேலை போனது. செல்வராணி கிரைண்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள், இன்றும் போகிறாள்.

இதே மாத்திரையைக் கையில் வைத்திருக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மருந்து நாட்களை எண்ணிக்கொண்டு காத்திருப்பதும் கர்த்தரை நம்புவதுதான். வலியை மறைத்து வைப்பது பொறுமை ஆகாது. இரண்டையும் நான் தாமதமாகத்தான் கற்றேன்.

சபைக்குத் திரும்பிய முதல் ஞாயிறு, எல்லாரோடும் எழுந்து நின்று ஜெபத்துக்குக் கண்ணை மூடினேன். அடுத்த நொடி முன்பெஞ்சின்மேல் விழுந்து கிடந்தேன். காது கைவிட்ட உடம்பைக் கண்தான் தாங்கிப் பிடிக்கிறதாம். கண்ணை மூடினால் எது மேல், எது கீழ் என்று எனக்குத் தெரிவதில்லை. சிறுவயதிலிருந்து கண்ணை மூடித்தான் ஜெபித்திருக்கிறேன். அது போனது மில் வேலை போனதைவிட வலித்தது.

இப்போது எல்லாரும் கண்மூடி நிற்க, நான் மட்டும் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி ஜெபிக்கிறேன். செல்வராணி கண்ணை மூடிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்திருப்பாள். வாசலிலிருந்து எங்கள் பெஞ்சுக்குப் பத்துப் பன்னிரண்டு அடிதான். ஒவ்வொரு அடியாக வைத்துப் போகிறேன். ஆறு மாதத்தை நீளம் என்று நினைத்த மனிதன் நான்தானா என்றிருக்கிறது.

போன மாதம் சாட்சி நேரத்தில், குணமாகிவிட்டதாகச் சொன்ன அந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக எழுந்தேன்.

"மாத்திரைய நானாத்தான் நிறுத்துனேனுங்க. இன்னும் முழுசாக் குணமாகலீங்க. காத்துட்டு இருக்கேனுங்க."

அல்லேலூயா சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. செல்வராணி என் முழங்கையைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தாள்.