பைன் கன்றின் குருத்து

என் கணவர் டயலிசிஸ் செய்துகொள்பவர். வீட்டிலிருக்கும் நாட்களில் பின்வளவைப் பார்த்த சன்னலடியிலேயே இருப்பார். பனிக்காலத்திலும் பச்சையாக நிற்கும் மரமொன்று வேண்டுமென்று ஆசைப்பட்டார். அதனால், புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர்நாட்டில், மிச்சம் என்னும் ஊரிலுள்ள எங்கள் வீட்டின் பின்வளவில், இந்த நாட்டுக்கே உரிய பைன் கன்று ஒன்றை நட்டோம்.

அது மார்பளவு வளர்ந்திருந்தது. அவர் வைத்தியசாலைக்குப் போயிருந்த ஒருநாள், நன்றாகக் கிளைக்கட்டும் என்று முருங்கைக்குச் செய்வதுபோல நுனிக் குருத்தைக் கிள்ளிவிட்டேன்.

பக்கத்து வீட்டு அண்ணை பூங்காவில் மரங்களைப் பராமரிப்பவர். வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தங்கச்சி, இதென்ன முருங்கையே? குருத்துப் போனால் இது நேராய் உயராது."

அவரே வந்து, பக்கக் கிளையொன்றை நிமிர்த்தி, மூங்கில் தடியோடு என் பழைய சேலைத் துணியால் கட்டிவிட்டார்.

"இனி இதுதான் குருத்து. ரெண்டு வருசத்துக்கு அவிழ்க்கப்படாது."

அந்தப் புண்ணியவானைக் கேட்காமல் இப்போது நான் எந்தக் கன்றிலும் நகம் வைப்பதில்லை.

மரம் என் உயரத்தைத் தாண்டி நேராக நிற்கிறது. துணியை அவிழ்த்த அன்றுதான் கணவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும். உம்மட சேலையைத்தானே ரெண்டு வருசமாய்ப் பாத்துக்கொண்டு இருக்கிறன்," என்றார்.